நிக்கல்-குரோமியம் எஃகில் பினியன்: கூடுதல் விலைக்கு நாம் எதைப் பெறுகிறோம்?

பல்சக்கரம் (புக்கிட் மெர்தாஜாம்):

அனைவருக்கும் வணக்கம். பல்சக்கரமும் தண்டும் வெட்டித் தரும் ஒரு சிறு பட்டறையில் வேலை செய்கிறேன். கெடா பக்கம் உள்ள ஒரு செம்பனை ஆலையில் பழத்தைப் பிழியும் ஸ்குரூ பிரஸ் இயந்திரத்தின் கியர் பெட்டிக்குப் பினியன் (சிறு பல்சக்கரம்) தண்டு ஒன்று செய்து கொடுத்திருந்தோம். பற்கள் தண்டோடு ஒன்றாக வெட்டப்பட்டவை, மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 6, வெளிவிட்டம் ஏறத்தாழ 110 மி.மீ. இயந்திரத்தோடு வந்த முதல் பினியன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நாங்கள் செய்தது ஒன்பதே மாதத்தில் பல்முகம் செதில் செதிலாக உரிந்து, கடைசியில் ஒரு பல்லின் மூலையே உடைந்து எண்ணெயில் கிடந்தது.

நாங்கள் பயன்படுத்தியது 8620 என்ற குறைந்த நிக்கல் எஃகுக் கம்பி. வெளியே ஓர் உலையில் கார்புரைசிங் (மேற்பரப்பில் கார்பன் ஊட்டுதல்) செய்து, கிரைண்டிங்கும் (சாணைச் சக்கரத்தால் அளவுக்குத் தேய்த்தல்) வெளியே கொடுத்து வாங்கினோம். இப்போது ஆலைப் பொறியாளர், அடுத்ததை இ.என். 36சி எஃகில் செய்தால்தான் வாங்குவேன் என்கிறார். எங்கள் முதலாளியோ கம்பியின் விலையைக் கேட்டதிலிருந்து பேசாமல் இருக்கிறார். நிக்கல் கூடுதலாக உள்ள எஃகுக்கு மாறினால் இந்தச் சிக்கல் உண்மையிலேயே தீருமா, அல்லது பெயருக்குப் பணம் கொடுக்கிறோமா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொள்முதல் மேசை (பிறை):

தம்பி, நான் பதினைந்து ஆண்டுகளாக எஃகு வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள் என்பது என் கருத்து. உலகத்தில் ஓடும் லோரிகளிலும் கார்களிலும் உள்ள கியர்களில் பெரும்பகுதி 8620 போன்ற குறைந்த நிக்கல் எஃகிலோ, நிக்கலே இல்லாத மாங்கனீசு-குரோமியம் எஃகிலோதான் செய்யப்படுகின்றன. அவை உரிந்தா விழுகின்றன? நிக்கல் விலை ஒரு நிலையில் நிற்பதும் இல்லை. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கல் ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியதும், சந்தை வணிகத்தையே நிறுத்தி வைத்ததும் நினைவிருக்கும். அந்த வாரம் எனக்கு வந்த விலைப்பட்டியல் ஒவ்வொன்றும் இருபத்து நான்கு மணி நேரம் மட்டுமே செல்லும் என்ற குறிப்போடு வந்தது.

ஒரு சிறு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "இ.என். 36" என்பதில் உள்ள இ.என். ஐரோப்பியத் தரக் குறியீடு அன்று. அது பிரிட்டனின் பழைய பி.எஸ். 970 பட்டியலில் இருந்து வரும் எண்; பிற்காலத்தில் அதையே 655எம்13 என்று மாற்றினார்கள். மேற்பரப்பைக் கடினமாக்கும் எஃகுகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 10084, அதைப் புரட்டினால் 36 என்ற எண் கிடைக்காது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை இரண்டு நாள் அதில் தேடி அலைந்தது.

நுண்ணோக்கி (கோலாலம்பூர்):

கொள்முதல் மேசை அண்ணன் சொல்வதில் பாதி சரி. மறுபாதியைச் சொல்ல, இந்த எஃகில் நிக்கலும் குரோமியமும் தனித்தனியே என்ன செய்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேற்பரப்பைக் கடினமாக்கும் எஃகு எதுவாயினும் அதில் கார்பன் குறைவாகவே இருக்கும்; 655எம்13 என்ற பெயரில் உள்ள 13, சராசரியாக 0.13 விழுக்காடு கார்பன் என்பதைத்தான் குறிக்கிறது. இவ்வளவு குறைந்த கார்பன் உள்ள எஃகைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாவதைவிட வலுவாகிறது, முறியாமல் வளைகிறது. அந்த உடலைச் சுற்றி, கார்பன் நிறைந்த சூழலில் பல மணி நேரம் வைத்து, 0.7 முதல் 0.8 விழுக்காடு வரை கார்பன் ஊறிய ஒரு தோலை உண்டாக்குகிறோம். தோய்த்த பின் தோல் ராக்வெல் என்ற கடின அளவில் 58 முதல் 62 வரை ஏறுகிறது; உள்ளே அவ்வளவு ஏறுவதில்லை. உரசலைத் தோல் தாங்க வேண்டும். இடியை உடல் தாங்க வேண்டும். போர்க்கப்பல்களின் கவசத் தகடுகளுக்காக 1890-களில் குரூப் நிறுவனம் நிக்கல்-குரோமியம் எஃகின் ஒரு முகத்தை மட்டும் கார்பன் ஊட்டிக் கடினமாக்கியபோது செய்ததும் இதுவேதான். குண்டின் முனையை உடைக்கக் கடினமான முகம், அடியை வாங்கிப் பிளக்காமல் நிற்கத் தளர்வான முதுகு.

இனி தனிமங்களுக்கு வருகிறேன். நிக்கல் கார்பனோடு சேர்ந்து கார்பைடு ஆவதில்லை. இரும்பிலேயே கரைந்து நின்று உடல் சட்டென முறியும் தன்மையைக் குறைக்கிறது. குரோமியம் நேர்மாறானது, கார்பனை இழுத்துக் கார்பைடு ஆக்குவதில் அதற்கு விருப்பம் அதிகம், அதனால் தோலின் தேய்மானத் தாங்கும் திறன் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து செய்யும் பெரிய வேலை ஒன்று உண்டு: எஃகு மெதுவாகக் குளிர்ந்தாலும் கடினமாகும்படி செய்கின்றன. கடினம் வேறு, கடினப்படும் திறன் வேறு என்பதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எவ்வளவு கடினமாகும் என்பதைக் கார்பன் முடிவு செய்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு மெதுவாகத் தோய்த்தும், அது கடினமாகும் என்பதைக் கலப்புத் தனிமங்கள் முடிவு செய்கின்றன.

8620-இல் நிக்கல் 0.4 முதல் 0.7 விழுக்காடு. இ.என். 36-இல் 3 முதல் 3.75 விழுக்காடு; குரோமியம் ஒரு விழுக்காட்டை ஒட்டி; "சி" என்ற பிரிவில் சிறிதளவு மாலிப்டினமும் உண்டு. கார் கியரின் பல் மெல்லியது. அதற்கு 8620 போதும், நிக்கலுக்குக் கொடுக்கும் காசு வீண். தம்பியின் 110 மி.மீ. தண்டில் பல்லடிக்குக் கீழே எவ்வளவு வலு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே 8620 தளர்ந்துவிடும், இ.என். 36சி 1000 மெகாபாஸ்கலை ஒட்டிய இழுவலுவோடு நிற்கும்.

சான் சௌ லின் பழையவன் (கோலாலம்பூர்):

வணக்கம். நான் சான் சௌ லின் சாலைப் பட்டறைகளில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து, ஃபோர்மனாக ஓய்வு பெற்றவன். நுண்ணோக்கி அம்மா எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தம்பி எஃகைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். நோயாளியின் ஊரைக் கேட்டு மருந்து கொடுக்க முடியாது. எனக்கு நான்கு விவரம் வேண்டும். தோலின் ஆழம் எவ்வளவு என்று கேட்டு வாங்கினீர்கள்? உலையில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள்? தோய்க்கும்போது தண்டைத் தொங்கவிட்டார்களா, கூடையில் படுக்க வைத்தார்களா? கிரைண்டிங்கில் பல்முகத்திலிருந்து எவ்வளவு எடுத்தார்கள்? உடைந்த பல்லை எறிந்துவிடவில்லையே? அதை வெட்டிப் பாருங்கள். உடைந்த துண்டு பொய் சொல்லாது. சான்றிதழ் சில நேரம் சொல்லும்.

எங்கள் காலத்தில் வாயு உலை எல்லாப் பட்டறைக்கும் எட்டாது. இரும்புப் பெட்டியில் கரித்தூளோடு பொருளைப் புதைத்து, மூடியின் விளிம்பைச் சூளை மண்ணால் பூசி, இரவு முழுதும் உலையில் வைப்போம். கரி கோலா செபெத்தாங்கிலிருந்து வரும் கண்டல் மரக்கரி. கனமாக இருக்கும், சீக்கிரம் தூளாகாது. அதோடு பேரியம் கார்பனேட் கலப்போம். அது நஞ்சு என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதே கையோடு ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்கிறோம். பெட்டிக்குள் கரி நேராக எஃகுக்குள் போவதில்லை. கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுதான் எஃகின் மேல் கார்பனை விட்டுச் செல்கிறது. பெட்டியில் ஒரு சிறு கம்பியையும் சொருகி, முனை மட்டும் வெளியே தெரியும்படி வைப்போம். நடுவில் அதை உருவி, தண்ணீரில் தோய்த்து, சுத்தியலால் முறித்தால், முறிந்த முகத்தில் ஓரத்து வளையம் பட்டுப்போல மென்சாம்பலாகவும் நடுப்பகுதி நார் நாராகவும் தெரியும். வளையத்தின் அகலத்தைக் கண்ணால் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வோம்.

பல்சக்கரம்:

ஐயா, நன்றி. தோல் ஆழம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவே இல்லை; "கேஸ் ஹார்டன், 58–62" என்று மட்டும் எழுதியிருந்தோம். உலைக்காரரின் பில்லில் 925 பாகை, ஐந்து மணி நேரம் என்று இருக்கிறது. தண்டைக் கூடையில் படுக்க வைத்துத்தான் தோய்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தோய்த்த பின் நடுவில் 0.35 மி.மீ. ஆட்டம் (வளைவால் சுழலும்போது தெரியும் விலகல்) இருந்ததாகவும், கிரைண்டிங்கில் அதைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார்கள். பல்லை வெட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உலைக்களம் (கோலாலம்பூர்):

நான் வெப்பப் பதனிடும் தொழிலில் இருப்பவன். 0.35 ஆட்டத்தைக் கிரைண்டிங்கில் சரிசெய்தோம் என்ற வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தம்பி வெட்டிப் பார்ப்பதற்குள் கணக்கை எழுதிவிடுகிறேன்.

ஹாரிஸ் சூத்திரம் என்று எங்கள் துறையில் ஒரு பழைய வாய்பாடு உண்டு. 925 பாகையில் கார்பன் ஊறும் மொத்த ஆழம், மணி நேரத்தின் வர்க்கமூலத்தை 0.635-ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர். ஐந்து மணி நேரத்துக்கு 1.4 மி.மீ. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை வாடிக்கையாளர்கள் எளிதில் நம்புவதில்லை. கூலியில் ஏமாற்றுகிறான் என்றே நினைப்பார்கள். வெப்பத்தை 870 பாகைக்கு இறக்கினால் அதே பெருக்கெண் 0.46-க்கு இறங்கிவிடும்.

இந்த 1.4 முழுவதும் பயன்படும் தோல் அன்று. விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் 550 வரை கடினம் உள்ள ஆழத்தைத்தான் பயன்தரும் ஆழம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நல்லது. ஆக, கிரைண்டிங்குக்கு முன் 0.95 அளவில் இருந்திருக்கும். மாட்யூல் 6 பல்லுக்கு, மாட்யூலின் 0.15 முதல் 0.2 பங்கு என்ற பட்டறைக் கணக்குப்படி, முடிந்த நிலையில் 0.9 முதல் 1.2 வரை வேண்டும். ஸ்குரூ பிரஸ் அடிக்கடி அடைத்து இடிக்கும் இயந்திரம் என்பதால் நான் 1.2 பக்கமே நிற்பேன். தோல் மெல்லியதாக இருந்தால், பல்லின் மேலுள்ள பாரம் தோலையும் தாண்டி அதன் அடியில் உள்ள தளர்ந்த இடத்தில் இறங்குகிறது. சேற்றின் மேல் பரப்பிய மெல்லிய சிமெண்டுத் தரையில் லோரி ஏறியதுபோல் தோல் உள்ளே அமுங்கி, விரிசல் அடியில் தொடங்கிச் செதிலாக மேலே வரும்.

கொள்முதல் மேசை:

அப்படியானால் குற்றம் 8620-இல் இல்லை, ஐந்து மணி நேரத்தில்தான் இருக்கிறது என்று நானும் எழுதிக்கொள்ளலாமா?

உலைக்களம்:

பொறுங்கள் அண்ணன். பல்லை வெட்டிப் பார்க்காமல் நான் எதையும் எழுதித் தர மாட்டேன்.

பல்சக்கரம்:

வெட்டிவிட்டோம். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் உதவினார். குளிரூட்டி நீர் ஊற்றிக்கொண்டே பல்லைக் குறுக்கே வெட்டி, கண்ணாடிபோல் மெருகிட்டு, சாராயத்தில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலால் துடைத்தபோது, என் கண் முன்னே பல்லின் ஓரம் மட்டும் கருத்து, நடுப்பகுதி வெளுத்து நின்றது. அந்தக் கருத்த பட்டை பல்லைச் சுற்றி ஒரே அகலத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு முகத்தில் அது விரல் நகத்தின் கனம்கூட இல்லை.

விக்கர்ஸ் கருவியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் புள்ளி புள்ளியாகக் குத்தினோம். தண்டு வளைந்த திசைக்குக் குறுக்கே நின்ற பற்களில், ஒரு முகத்தில் பயன்தரும் ஆழம் 0.85, அதே பல்லின் மறுமுகத்தில் 0.55. உரிந்தவை எல்லாம் 0.55 முகங்கள். உடலின் நடுவில் 250 விக்கர்ஸ்தான் வந்தது.

இன்னொன்றும் பார்த்தோம். வெட்டாத ஒரு பல்லின் முகத்தை அதே கரைசலால் துடைத்தபோது, சாம்பல் நிறப் பரப்பில் ஆங்காங்கே கருமையான திட்டுகள் தெரிந்தன. அவற்றின் மேல் 520 வருகிறது, 0.2 மி.மீ. உள்ளே போனால் 690 ஆகிவிடுகிறது. இது என்ன?

நுண்ணோக்கி:

அது கிரைண்டிங் சூட்டுக்காயம். 180 பாகைக்குள் பதம் இறக்கிய (தோய்த்த பின் மிதமாகச் சூடாக்கி முறுகலைக் குறைத்த) தோல், சக்கரத்தின் அடியில் அதைவிட மிக அதிகமாகச் சூடேறியதால் அந்த இடத்தில் இரண்டாவது முறை பதம் இறங்கித் தளர்ந்துவிட்டது. நல்லவேளை, கருப்பாக மட்டுமே இருக்கிறது. நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்திருந்தால், அங்கே எஃகு மறுபடியும் கடினமாகும் அளவுக்குச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அதன் விளிம்பில் நுண்விரிசல் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 0.35 ஆட்டம் என்றால் மையம் 0.17 அளவு விலகியிருக்கிறது. நேராக்காமல் கிரைண்டருக்கு அனுப்பியதால், ஒரு முகத்தில் 0.1 மட்டும் எடுத்தவர் மறுமுகத்தில் 0.4 எடுக்க வேண்டியிருந்தது. உலைக்களம் சொன்ன 0.95-இலிருந்து கழித்தால் 0.85, 0.55; உங்கள் இரண்டு எண்களும் அப்படியே வருகின்றன. அதிகம் எடுக்க வேண்டிய இடத்தில் அவசரப்பட்டு ஆழமாக வெட்டியதால் சூட்டுக்காயம்.

கொள்முதல் மேசை:

நான் சொன்னேன் அல்லவா! எஃகின் மேல் பழி போட ஒன்றும் இல்லை. பத்து மணி நேரம் ஊறவைத்து, தண்டைத் தொங்கவிட்டுத் தோய்த்து, ஒழுங்காகக் கிரைண்டிங் செய்தால் அதே 8620 ஆறு ஆண்டு ஓடும்.

சான் சௌ லின் பழையவன்:

ஓடலாம். ஆனால் தண்டு ஏன் வளைந்தது என்பதையும் கேளுங்கள். படுக்க வைத்தது ஒரு காரணம். அதற்கு எஃகைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொரு காரணம் எண்ணெய். 110 மி.மீ. கனத்துக்கு 8620-இன் உடலில் வலு வேண்டுமென்றால், வேகமான எண்ணெயில், பம்ப் வைத்துக் கலக்கிக்கொண்டே தோய்த்தாக வேண்டும். அப்படித் தோய்த்தும் 250-தான் வந்திருக்கிறது. வேகமாகக் குளிரும் பொருள் ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் சுருங்கி, முறுக்கிக்கொள்ளும்.

நிக்கல்-குரோமியம் எஃகின் அருமை எனக்குத் தெரிந்தது இங்கேதான். இ.என். 36 தண்டைச் சூடான, மந்தமான எண்ணெயில் மெல்ல இறக்கினாலே உள்வரை வலுவேறிவிடும். இன்னும் கூடுதலாக நிக்கல் உள்ள இ.என். 39-ஐ, சிறு பொருளாக இருந்தால், காற்றில் வைத்தே கடினமாக்கியிருக்கிறோம். மெல்லக் குளிர்ந்தால் வளைவு குறையும். வளைவு குறைந்தால் கிரைண்டிங்கில் எடுப்பது குறையும். எடுப்பது குறைந்தால் தோல் இருந்த இடத்திலேயே இருக்கும். கொள்முதல் தம்பி, நிக்கலுக்குக் கொடுக்கும் காசு உடல் முறியாமல் இருக்க மட்டும் அன்று. தண்டு நேராக வெளியே வருவதற்கும் சேர்த்துத்தான்.

கொள்முதல் மேசை:

ஐயா, இது எனக்குப் புதிது. இந்தக் கோணத்தில் யாரும் எனக்கு விலையை நியாயப்படுத்தியதில்லை. 110 மி.மீ.க்கு ஒப்புக்கொள்கிறேன், 40 மி.மீ.க்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சான் சௌ லின் பழையவன்:

40-க்கு நானும் கேட்க மாட்டேன்.

அச்சுவார்ப்பு (பாயான் லெப்பாஸ்):

சற்றே விலகிய துறையிலிருந்து ஒரு சொல். பிளாஸ்டிக் அச்சு செய்யும் எங்களுக்கும் இந்தக் குடும்பத்து எஃகு பழக்கமானது. பி6 என்று அமெரிக்கப் பட்டியலில் உள்ளது, 3.5 விழுக்காடு நிக்கலும் 1.5 விழுக்காடு குரோமியமும் சேர்ந்த, கார்பன் ஊட்டும் அச்செஃகு. அதிலும் எங்களுக்குத் தலைவலி எஞ்சிய ஆஸ்டெனைட்தான். கார்பன் கூடிப்போன அச்சு ஒன்று எங்களிடம் வந்தது. ராக்வெல்லில் 54 காட்டியது. அரத்தை வைத்து இழுத்தால் வழுக்க வேண்டியது, மெல்லப் பிடித்தது. உலைக்களம் இதைப் பற்றி எழுதுவார் என்று நினைக்கிறேன்.

உலைக்களம்:

எழுதுகிறேன், இ.என். 36-க்கு மாறுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். 8620-க்குப் பழகிய கையோடு அதே கார்பன் அளவை உலையில் வைத்தால், இ.என். 36 அதைவிட மோசமாகத் திரும்பி வரும்.

தோய்க்கும்போது ஆஸ்டெனைட் என்ற சூட்டுநிலைக் கட்டமைப்பு, மார்ட்டென்சைட் என்ற கடினக் கட்டமைப்பாக மாற வேண்டும். நிக்கலும் கார்பனும் அந்த மாற்றம் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே தள்ளுகின்றன. தோலில் இரண்டும் கூடினால், அறை வெப்பத்துக்கு வந்த பின்னும் மாற்றம் முடியாமல் தளர்ந்த ஆஸ்டெனைட் நிறைய எஞ்சிவிடும். உடலுக்கு நன்மை செய்யும் அதே நிக்கல், தோலில் இப்படிக் கைவரிசையைக் காட்டும். மேற்பரப்புக் கார்பனை 0.7–0.75 அளவில் நிறுத்துவது முதல் தற்காப்பு. குரோமியம் இருப்பதால் கார்பன் மிஞ்சினால் இன்னொரு கேடும் உண்டு: எஃகின் நுண்மணிகளின் எல்லையில் கார்பைடு வலைபோல் படர்ந்து, பல்லின் மூலை கண்ணாடிபோல் பெயரும்.

கார்பன் ஊட்டிய சூட்டிலிருந்து நேராகத் தோய்ப்பதை இந்த எஃகில் நான் செய்வதில்லை. மெல்ல ஆறவிட்டு, மறுபடி 760 முதல் 780 பாகைக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கிறேன். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால், தோய்த்த உடனே, காலந்தாழ்த்தாமல், உலர்பனி போட்ட சாராயத்தில் கழித்தல் 70 பாகைக்குக் கீழே வைத்து எடுப்பது உண்டு. கடைசியில் 160–180 பாகையில் இரண்டு மணி நேரமாவது பதம் இறக்க வேண்டும்.

நுண்ணோக்கி:

உறையவைப்பதில் மட்டும் நான் உலைக்களத்தோடு முழுதாக உடன்படவில்லை. கொஞ்சம் எஞ்சிய ஆஸ்டெனைட் பல்முகத்துக்குக் கெடுதல் இல்லை. பாரம் விழும் இடத்தில் சற்றே இசைந்து கொடுத்து, குழி விழுவதைத் தள்ளிப்போடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அளவு துல்லியம் மாறக்கூடாத அச்சு, அளவுக்கருவி ஆகியவற்றுக்கு உறையவைப்பது சரி. செம்பனை ஆலைப் பினியனுக்கு, கார்பனைக் கட்டுப்படுத்தினால் போதும். மைனஸ் 70-இல் நுண்விரிசல் விழும் ஆபத்தை வலியப்போய் வாங்க வேண்டாம்.

உலைக்களம்:

நாங்கள் இருவரும் இதைப் பற்றி வேறோர் இழையில் இரண்டு பக்கம் சண்டை போட்டிருக்கிறோம். தம்பியின் பினியனுக்கு உறையவைப்பு வேண்டாம் என்பதை ஏற்கிறேன்.

பல்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. ஆலை ஒப்புக்கொண்டது, முதலாளியும், மூன்று நாள் கழித்து, ஒப்புக்கொண்டார். இரண்டு ஐயம் மீதி இருக்கின்றன. ஒன்று: தண்டின் ஒரு முனையில் மரையும் சாவிப்பள்ளமும் உண்டு; அவற்றில் தோல் கடினமாகிவிட்டால் மரை உதிரும் என்று பயப்படுகிறேன். இரண்டு: கம்பி உண்மையிலேயே இ.என். 36சி-தானா என்று எப்படி உறுதி செய்வது?

சான் சௌ லின் பழையவன்:

மரைக்கு இரண்டு வழி உண்டு. செம்புப் பூச்சு போட்டால் அதன் வழியே கார்பன் போகாது. தடவும் பசையும் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது பழைய வழி. அந்த முனையை 5 மி.மீ. தடிமனாக விட்டுக் கார்பன் ஊட்டி, தோய்ப்பதற்கு முன் கார்பன் ஊறிய அந்தப் பகுதியை லேத்தில் சீவி எடுத்துவிட்டு, அதன் பிறகு மரை வெட்ட வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். இ.என். 36 ஆறும்போதே பாதி கடினமாகிவிடும் எஃகு. பெட்டியிலேயே ஆறட்டும் என்று விட்டு, மறுநாள் லேத்தில் கட்டி டூல் வைத்தேன். முதல் உரசலில் கீச்சென்று கத்தி, டூலின் மூக்கு நீலம் பாய்ந்து மழுங்கியது. ஃபோர்மன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், தண்டைக் கழற்றி மறுபடி உலைப்பக்கம் உருட்டிவிட்டுப் போனார். 640–650 பாகையில் சில மணி நேரம் வைத்துத் தளர்த்திய பிறகு அதே தண்டு வெண்ணெய்போல் சீவியது.

நுண்ணோக்கி:

கம்பியைப் பற்றி: கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்-கதிர்க் கருவி நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றையும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும், ஆனால் கார்பனைக் காட்டாது. 0.15 கார்பன் உள்ள கம்பிக்கும், 0.4 கார்பன் உள்ள வேறொரு நிக்கல்-குரோமியம் கம்பிக்கும் அதில் வேறுபாடு தெரியாமல் போகலாம். இரண்டாவதைக் கார்பன் ஊட்டினால் உடலும் சேர்ந்து முறுகிவிடும். ஆகவே கம்பியின் நுனியில் ஒரு வில்லை வெட்டி, தீப்பொறி நிறமாலைக் கருவியுள்ள ஆய்வகத்தில் கொடுத்துக் கார்பனையும் பாருங்கள். ஜப்பானியக் கம்பி கிடைத்தால் எஸ்.என்.சி. 815 ஏறத்தாழ இதன் உறவு. மாலிப்டினம் மட்டும் இராது. ஜெர்மானிய 1.6587 வேறு கலவை, நிக்கல் அதில் பாதிதான். ஆனால் பெரிய கியர் பெட்டிகளில் நன்கு நிற்பது. விலை ஒத்துவந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

அதே வில்லையிலிருந்து ஒரு சிறு துண்டைப் பினியனோடு உலைக்குள் கட்டி அனுப்புங்கள். பினியனை வெட்டாமலே தோலின் ஆழத்தை அந்தத் துண்டில் அளந்துவிடலாம்.

பல்சக்கரம்:

உலைக்கு அனுப்ப வேண்டிய வரைபடத்தில் எழுதியிருப்பது: இ.என். 36சி, கார்பன் ஊட்டல் 925 பாகை, மேற்பரப்புக் கார்பன் 0.75, மெல்ல ஆறவிட்டு 650-இல் தளர்த்தல், முனையைச் சீவி மரை வெட்ட எங்களிடம் திருப்பி அனுப்புதல், பிறகு 770-இல் செங்குத்தாகத் தொங்கவிட்டுச் சூடான எண்ணெயில் தோய்த்தல், 170-இல் பதம் இறக்கல், ஆட்டம் 0.1-க்கு மேல் இருந்தால் கிரைண்டிங்குக்கு அனுப்பாமல் எங்களுக்குத் தெரிவித்தல். தோல் ஆழம் 1.2 மி.மீ.; கிரைண்டிங் முடிந்ததும் அமிலக் கரைசலால் சூட்டுக்காயச் சோதனை. ஏதேனும் விட்டுப்போயிற்றா?

சான் சௌ லின் பழையவன்:

1.2 என்பது கிரைண்டிங்குக்கு முன்பா, பின்பா?

பல்சக்கரம்:

எழுதவில்லை, ஐயா. இப்போது திருத்திவிட்டேன்: "கிரைண்டிங் முடிந்த நிலையில், ஒவ்வொரு பல்முகத்திலும், 550 விக்கர்ஸ் அளவில் 1.2 மி.மீ.; கிரைண்டிங்குக்கு ஒரு முகத்தில் 0.15 கூடுதல்."

உலைக்களம்:

அப்படியானால் எனக்கு 1.35 வேண்டும், மொத்தம் 2 மி.மீ.; பத்து மணி நேரம். கூலியும் அதற்கேற்றபடி வரும், முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.